சென்னைக்குப் புதுசா? மழைக்கு முன்னால் இதையெல்லாம் முடித்துவிடுங்கள்

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை, விடியற்காலை நாலரை மணி. கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன், கணுக்கால் வரை ஜில்லென்றது. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் என் மகளின் ஒற்றைச் செருப்பு மிதந்து சமையலறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

பெரியகுளத்திலிருந்து சென்னைக்கு வந்து அப்போது எட்டு மாதம். வேளச்சேரியை ஒட்டிய ஒரு தெருவில், தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். மிக்ஜாம் புயல் வருகிறது என்று மூன்று நாளாக டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் செய்திருந்த ஏற்பாடு: பால் பாக்கெட் இரண்டு, மெழுகுவத்தி ஒன்று.

அதற்கப்புறம் கார், சான்றிதழ், காப்பீடு என்று ஐந்து மாதம் அலைந்தேன். அலைந்த பிறகு கணக்குப் பார்த்தால், போன பணத்தில் முக்கால்வாசி ஒருநாள் முன்பாக எழுந்து நான்கு வேலை செய்திருந்தால் மிஞ்சியிருக்கும். தண்ணீர் வந்த பிறகு நம்மால் செய்ய முடிந்தது உயிரைக் காப்பாற்றிக்கொள்வது மட்டும்தான். மற்றதெல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டிய வேலைகள். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. அட்வான்ஸ் கொடுக்கும் முன் தெருவை விசாரியுங்கள்

ஹவுஸ் ஓனரிடம் கேட்காதீர்கள். "இங்கெல்லாம் தண்ணி வராது சார், வந்தாலும் உடனே வடிஞ்சிடும்" என்பார். எங்கள் ஓனரும் அதையேதான் சொன்னார். அவர் மாடியில் இருந்தார்.

தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடமும் டீக்கடையிலும் கேளுங்கள். "தண்ணி வருமா?" என்று கேட்டால் பதில் மழுப்பலாக வரும். "2015-ல் எதுவரைக்கும் நின்னுச்சு? 2023-ல் எதுவரைக்கும்?" என்று கேளுங்கள், கையை முழங்காலிலோ இடுப்பிலோ வைத்துக் காட்டிவிடுவார்கள். அதுதான் உங்கள் அளவுகோல்.

வீட்டுக்குள்ளும் பாருங்கள். சுவரில் கீழ் இரண்டடி மட்டும் புது பெயிண்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். இரும்பு கேட்டின் அடிப்பாகம் மட்டும் துருப்பிடித்து அரித்திருக்கும். மரக் கதவின் அடி உப்பிப் போயிருக்கும். எங்கள் வீட்டு பாத்ரூம் கதவு அப்படித்தான் இருந்தது; கரையான் என்று நினைத்தேன்.

தெருப் பெயரிலும் ஒரு குறிப்பு இருக்கும். ஏரி, தாங்கல், குளக்கரை என்று வந்தால் அங்கே முன்பு என்ன இருந்தது என்று விசாரியுங்கள். வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை ஆகியவை சதுப்பு நிலத்தை ஒட்டியவை. முடிச்சூர், வரதராஜபுரம், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் அடையாற்றங்கரை. மணலி, எண்ணூர் பக்கம் கொசஸ்தலையாறு. வீட்டை வாங்கவே போகிறீர்கள் என்றால் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பதோடு நிறுத்தாமல், அந்த சர்வே எண் எப்போதாவது நீர்நிலைப் புறம்போக்காக இருந்ததா என்று வக்கீலை வைத்துப் பாருங்கள்.

2. காகிதங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள்

நான் அதிகம் அழுதது இதற்காகத்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் சான்றிதழ்கள் பீரோவின் அடித்தட்டில், பூட்டு போட்ட அறையில் இருந்தன. பத்திரமாம்! கனமான பொருள் கீழே இருக்க வேண்டும் என்ற என் புத்தி. தண்ணீர் அங்கேதான் முதலில் போனது, ஈரத்தில் உப்பிய பீரோவை இரண்டு நாள் திறக்கவும் முடியவில்லை. திறந்தபோது வாடகை ஒப்பந்தம் கூழ். மனைவியின் பட்டச் சான்றிதழில் கையெழுத்து மை நீலமாகப் பரவியிருந்தது. என் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டை மட்டும் லேமினேட் செய்திருந்தேன், அது தப்பித்தது என்று சந்தோஷப்பட்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஓரத்தில் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல், உள்ளேயே கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது. லேமினேஷனை நம்பாதீர்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

அசல்கள் எல்லாவற்றையும் போனில் படமெடுக்காமல் ஸ்கேன் செய்யுங்கள், இரண்டு பக்கமும். உங்கள் மெயிலுக்கும் ஊரில் இருக்கும் அண்ணனுக்கோ தங்கைக்கோ அனுப்பிவையுங்கள். ஜெராக்ஸ் கடையில் கொடுத்தாலும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

ஆதார், ஓட்டுநர் உரிமம், வண்டியின் ஆர்.சி. மூன்றையும் அரசின் டிஜிலாக்கர் செயலியில் ஏற்றிக்கொள்ளுங்கள். இலவசம். டிஜிலாக்கரில் இருப்பது அசலுக்குச் சமம், போலீஸ் சோதனையில் செல்லும். போனில் எடுத்த போட்டோ செல்லாது. நிறையப் பேர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

அசல்களை ஜிப் கவரில் போட்டு, மூடி இறுக்கமாக இருக்கும் பழைய 20 லிட்டர் பெயிண்ட் வாளிக்குள் வைத்து லாஃப்ட்டில் ஏற்றிவிடுங்கள். பெயிண்டர் யாரிடமாவது கேட்டால் காலி வாளி சும்மாவே கிடைக்கும். தண்ணீர் லாஃப்ட் வரை வந்தாலும் வாளி மிதக்கும். பீரோ மிதக்காது.

குடும்ப அட்டை இன்னும் ஊர் முகவரியில் இருந்தால் மாற்றிவிடுங்கள். உணவுப் பொருள் வழங்கல் துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். மிக்ஜாமுக்குப் பிறகு அரசு அறிவித்த ரூ.6,000 ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. எங்கள் அட்டை பெரியகுளத்தில் இருந்தது. அட்டை இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். ஆனால் இந்த முகவரியில்தான் குடியிருந்தோம் என்று காட்ட என்னிடம் இருந்த ஒரே காகிதம் அந்தக் கூழான வாடகை ஒப்பந்தம்.

ஏற்கெனவே நனைந்துவிட்டதா? வெயிலில் காயவைக்காதீர்கள், காகிதம் சுருண்டு மை இன்னும் பரவும். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரித்து இழுக்கவும் வேண்டாம். வெள்ளைத் துணி அல்லது டிஷ்யூ பேப்பர் நடுவில் வைத்து நிழலில், ஃபேன் காற்றில் காயவிடுங்கள். உடனே நேரமில்லை, ஆனால் கரண்ட் இருக்கிறது என்றால் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம், பூஞ்சை பிடிக்காது. கிழிந்த மிச்சத்தைத் தூக்கிப் போடாதீர்கள். 'தொலைந்தது' என்றால் ஒரு வழி, 'சேதமானது' என்றால் வேறு வழி. இரண்டாவதற்கு அந்த மிச்சத்தைக் கேட்பார்கள். தொலைந்தே போனவற்றுக்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் காணாமல்போன ஆவண அறிக்கை பதிவு செய்யலாம். ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டாம்.

செலவு எப்படி ஏறும் என்பதற்கு ஒரு கணக்கு: 36 பக்க பாஸ்போர்ட்டைச் சாதாரணமாகப் புதுப்பிக்க ரூ.1,500. அதுவே சேதமாகிவிட்டால் ரூ.3,000. ஒரு ஜிப் கவரின் விலை பத்து ரூபாய்.

3. காப்பீட்டை வெயில் காலத்திலேயே பாருங்கள்

கார், பைக் இரண்டுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா வராது. முழுக் காப்பீடு வேண்டும். அதுவும் போதாது. தண்ணீர் புகுந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து அதனால் உள்ளே உடைந்தால், முழுக் காப்பீட்டிலும் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். அதற்கு 'என்ஜின் புரொடெக்‌ஷன்' என்று தனியாக ஒரு சேர்ப்பு உண்டு. என் சின்னக் காருக்கு அது வருடம் ஆயிரத்துச் சொச்சம். மிச்சம் பிடித்தேன்.

தண்ணீர் வடிந்ததும் நான் செய்த முதல் காரியம், "ஓடுதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பியது. 'டக்' என்று ஒரு சத்தம். மெக்கானிக் பில் 92,000 ரூபாய். காப்பீட்டு நிறுவனம், நான் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று கையை விரித்தது. கடிதம் எழுதினேன், நேரில் போனேன், சண்டை போட்டேன். பாலிசியின் பத்தொன்பதாம் பக்கத்தில் இருக்கிறது என்றார்கள். இருந்தது.

வீட்டுச் சாமான்களுக்கும் காப்பீடு உண்டு, வாடகைக்கு இருப்பவர்களும் எடுக்கலாம். 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசியைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கின்றன. புயல், வெள்ளம், இடி மின்னல் மூன்றும் அதில் அடக்கம். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி பில்களை ஸ்கேன் செய்து வையுங்கள். பில் இல்லாத பொருளுக்கு உங்கள் வாய்க்கணக்கை யாரும் ஏற்க மாட்டார்கள்.

4. வானிலை அறிவிப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பில் வரும் சொற்களுக்கு அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. என்றால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. காலை 8.30-லிருந்து மறுநாள் 8.30 வரை கணக்கு.

20 செ.மீ. என்றால் மனதில் ஒன்றும் பதிவதில்லை. அரை கிரவுண்ட், அதாவது 1,200 சதுர அடி மனையில் அவ்வளவு மழை விழுந்தால் சுமார் 22,000 லிட்டர், அதாவது பெரிய தண்ணீர் லாரி கிட்டத்தட்ட இரண்டு. உங்கள் வீட்டு வாசலில் மட்டும் இரண்டு லாரி, தெருவில் வீட்டுக்கு இரண்டு என்று நினைத்துப் பாருங்கள். 2015 டிசம்பர் 1-ஐ ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ.

நிறங்கள்: மஞ்சள் என்றால் கவனியுங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். என்னைக் கேட்டால், தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு ஆரஞ்சே சிவப்புதான்.

மழையை மட்டும் பார்த்தால் போதாது, ஏரியையும் பாருங்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர்மட்டம் தினமும் குடிநீர் வாரியத்தின் இணையதளத்தில் வரும். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. அங்கே உபரி நீர் திறந்தால் அடையாறு ஏறும். பூண்டியில் திறந்தால் கொசஸ்தலையாறு. உங்கள் தெருவில் மழை விட்ட பிறகும் தண்ணீர் ஏறுவது இப்படித்தான். மழை நின்றுவிட்டதே என்று கீழே இறக்கிவைத்த சாமான்களை இழந்தவர்கள் உண்டு.

எங்கள் ஊர்ப் பக்கம் கும்பக்கரை அருவியில் இதே கதைதான், வேகம் மட்டும் கூட. கீழே வெயில் காயும், மேலே கொடைக்கானல் மலையில் பெய்திருக்கும், சில நிமிடத்தில் தண்ணீர் நிறம் மாறி இலைச் சருகோடு பாய்ந்து வரும். அருவிக்குப் போனால் தண்ணீர் கலங்கியதுமே மேலேறுங்கள், துண்டு சோப்பைத் தேட வேண்டாம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் 17 வயதுப் பையன் ஒருவனை வெள்ளம் அப்படித்தான் கொண்டுபோனது.

5. முந்தைய நாள் வேலைகள்

காலையில் முதல் வேலை வண்டி. மேடான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றதைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மாலைக்கு மேல் போனால் இடம் இருக்காது.

மதியத்துக்குள் ஃப்ரிட்ஜைச் செங்கல் மேலோ மேசை மேலோ ஏற்றுங்கள். தனியாகத் தூக்க முயலாமல் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிடுங்கள். மெத்தை, அரிசி, துணி எல்லாம் லாஃப்ட்டுக்கு. சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) மூடியைச் சுற்றி பிளாஸ்டிக் ஷீட் போட்டு மேலே கல் வையுங்கள். மேல்தொட்டியை நிரப்பிவிடுங்கள், கரண்ட் போனால் மோட்டார் ஓடாது.

பணம் எடுத்து வையுங்கள், பத்து, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாக மூவாயிரமாவது. எங்களுக்கு மூன்று நாள் கரண்டும் இல்லை, டவரும் இல்லை, யு.பி.ஐ. இல்லாத ஊரில் ஐந்நூறு ரூபாய்த் தாளுக்குச் சில்லறை கொடுக்க ஆளில்லை. அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த நூற்றிருபது ரூபாயில்தான் அன்றைக்குப் பால் வாங்கினோம்.

வயதானவர்களின் மாத்திரை பத்து நாளைக்கு. சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள், ஃப்ரிட்ஜ் நின்றால் என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்பவர் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். முந்தைய நாளே மேட்டுப் பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டுக்கோ ஆஸ்பத்திரி அருகிலோ போய்விடுங்கள்.

எண்களைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 108, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, மின்சாரத்துக்கு மின்னகம் 94987 94987. சென்னை மாநகராட்சிக்கு 1913. இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம் வாயில் எல்லாமே 'சென்னை'தான், ஆனால் தாம்பரமும் ஆவடியும் தனி மாநகராட்சிகள், புறநகரில் பல இடங்கள் ஊராட்சிகள். 1913-க்கு அரை மணி நேரம் முயன்ற பிறகு "உங்க ஏரியா எங்களுது இல்லைங்க" என்று கேட்க வேண்டியிருக்கும். சொத்துவரி ரசீது எந்த மாநகராட்சி அல்லது ஊராட்சியிலிருந்து வருகிறது என்று ஓனரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.

6. இடி இடிக்கும்போது

ஏப்ரல், மே மாத மாலை மழையிலும், செப்டம்பர், அக்டோபரிலும் மின்னல் அதிகம். பாட்டி "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்லச் சொல்வார்; நீங்கள் எண்ணுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உள்ளே போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். மொட்டை மாடியில் காயும் துணி நனைந்தால் நனையட்டும்.

மரத்தடி வேண்டாம், தனித்த தென்னை அறவே வேண்டாம். பைக்கில் போனால் நிறுத்திவிட்டு ஏதாவது ஒரு கட்டடத்துக்குள் நுழையுங்கள். தகரக் கொட்டகை கட்டடம் ஆகாது. கார் என்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருங்கள். வீட்டில் இருந்தால் குளிக்க, பாத்திரம் கழுவப் போகாதீர்கள். டிவியை ஸ்விட்சில் அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். கேபிள் வயரையும் இன்டர்நெட் வயரையும் மறந்துவிடுகிறோம். அது வழியாகவும் வரும்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பது பொய். அவர் உடம்பில் மின்சாரம் தங்காது. மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செய்த 'தாமினி' செயலி சுற்றுவட்டார மின்னலை முன்கூட்டிச் சொல்லும். தமிழ் மொழியிலும் இருக்கிறது, ஊரில் ஆடு மாடு மேய்ப்பவர்களின் போனில் கட்டாயம் போட்டுக்கொடுங்கள்.

7. தண்ணீர் வாசலுக்கு வந்துவிட்டால்

மெயின் ஸ்விட்சை அணையுங்கள். கூடவே இன்வெர்ட்டரையும். மெயினை அணைத்துவிட்டோம் என்று தைரியமாக நடந்தால், இன்வெர்ட்டரிலிருந்து பிளக் பாயின்ட்டுக்கு மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கும். ஏற்கெனவே தண்ணீரில் நிற்கிறீர்கள் என்றால் ஸ்விட்ச்போர்டைத் தொடவே கூடாது. மாடிக்குப் போய் மின்னகத்துக்குச் சொல்லி வெளியிலிருந்து துண்டிக்கச் சொல்லுங்கள். கேஸ் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரைக் கட்டிவையுங்கள். அது மிதந்து முட்டும்.

பிறகு மாடி ஏறுங்கள். ஓனருக்கும் உங்களுக்கும் முந்தின வாரம் மோட்டார் பில் சண்டை நடந்திருந்தாலும் ஏறுங்கள்.

வெளியே போகாதீர்கள். ஓடும் தண்ணீர் அரையடி இருந்தாலே ஆளைச் சாய்க்கும், ஒரு அடியில் சின்னக் கார் மிதக்கும், இரண்டடியில் பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போகும். திறந்த பாதாளச் சாக்கடை மேலிருந்து தெரியாது. தெருவோர மின்பெட்டி மூழ்கியிருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது. போயே ஆக வேண்டுமென்றால் தடி ஒன்றை ஊன்றி ஊன்றி, தெருவின் நடுவே, முன்னே நடப்பவரைத் தொடர்ந்து செல்லுங்கள்.

சப்வே பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். துரைசாமி, அரங்கநாதன், கணேசபுரம் சப்வேக்கள் மழையில் நிரம்பும் என்பது ஊருக்கே தெரியும். புதிதாக வந்தவருக்கு மேப் தெரியும், ஆழம் தெரியாது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி ஒரு பெண் மருத்துவர் இறந்தார். முன்னால் லாரி போகிறதே என்று பின்னால் போவதுதான் பொறி. லாரியின் உயரம் வேறு.

8. வடிந்த பிறகு, துடைப்பத்தை எடுக்கும் முன்

போட்டோ எடுங்கள். சுவரில் தண்ணீர்க் கோடு, அதன் பக்கத்தில் டேப் வைத்து. காரின் நம்பர் பிளேட்டும் தண்ணீர்க் கறையும் ஒரே படத்தில். சேதமான ஒவ்வொரு பொருளும். நாங்கள் வெறியோடு வீட்டைக் கழுவித் தள்ளிவிட்டு மறுநாள் காப்பீட்டுக்காரருக்குப் போன் செய்தோம். சர்வேயருக்குக் காட்ட ஒன்றுமே மிஞ்சவில்லை.

காரில் சாவியைப் போடாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லி, நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்து, புகார் எண் வாங்கி, வண்டியை இழுத்துப் போகச் சொல்லுங்கள். அன்றைக்கே. ஒரு வாரம் போனால் சர்வீஸ் சென்டரில் நூறு வண்டிக்குப் பின்னால் நிற்பீர்கள்.

எலெக்ட்ரீஷியன் பார்த்த பிறகே கரண்ட். ஃப்ரிட்ஜையும் மோட்டாரையும் நன்றாகக் காயவிட்டுத்தான் பிளக்கில் போட வேண்டும்.

சம்ப் தண்ணீரை முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவிட்டு, அதையும் வெளியேற்றிய பிறகே புதுத் தண்ணீர். எங்கள் தெருவில் சம்ப் கழுவ 1,500 வாங்கினார்கள். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டவருக்கு 800. அவசரத்துக்கு விலை. அதுவரை குடிக்க, பல் துலக்க எல்லாமே கொதிக்கவைத்த தண்ணீர்.

அந்தத் தண்ணீரில் நடந்திருந்து காலில் வெட்டோ சிராய்ப்போ இருந்தால் டாக்டரைப் பாருங்கள். எலிக்காய்ச்சல் பயம் உண்டு. காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால், வெள்ளத்தில் நடந்தேன் என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். பீரோவுக்கு அடியில் கைவிடும் முன் குச்சியால் தட்டிப் பாருங்கள், எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் பாம்பு.

நாங்கள் அடுத்த பிப்ரவரியில் அதே தெருவில் முதல் மாடிக்கு மாறினோம். வாடகை மூவாயிரம் அதிகம். பெயிண்ட் வாளி லாஃப்ட்டில் இருக்கிறது. கார் மட்டும் இன்னும் கீழேதான் நிற்கிறது. ஆரஞ்சு என்று செய்தி வந்தால், கிளப்பிக்கொண்டு போக அம்மாவே சாவியை எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறார்.